மவுஸுக்கு ஊஞ்சல்

அத்தியாயம் 6

"இன்னும் எவ்வளவு நேரம்டா இருக்கு?" என்றார் பூட்டு.

என் கையிலும் வாட்ச் இருந்தது. ஆனால் பயத்தில் இருக்கும் மனுஷன் பெரிய கடிகாரத்தைத்தான் நம்புவான். வார்டுச் சுவரைப் பார்த்தேன். மூன்று இருபது. விசாரணை நான்கு மணிக்கு.

"நாற்பது நிமிஷம், அண்ணே."

"நாற்பத்தேழு," என்றாள் அக்கா. "அது ஏழு நிமிஷம் வேகம். அடுத்த ஷிஃப்ட்காரங்க பார்த்துப் பதறி ஓடி வரட்டும்னு நாங்கதான் தள்ளி வெச்சோம்."

மூன்று நாளில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான். ஏழு நிமிடம், இலவசமாக.

பூட்டு என்பது பட்டப்பெயர். இருபது வருடம் பூட்டு ரிப்பேர் செய்தவர். சாவியைத் தொலைத்தவர்கள் கதவு திறக்கும்வரை சும்மா நிற்க மாட்டார்கள், வீட்டுக் கதையெல்லாம் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு மனிதர் துப்பறிவாளராகிவிட்டார். நான் அவருடைய உதவியாளன். அதாவது பையைத் தூக்குவேன், வாயை மூட மாட்டேன். குற்றம் சாட்டப்பட்ட நர்ஸ் என் கூடப்பிறந்த அக்கா. அதனால் இந்தக் கேஸில் எனக்கு ஜோக் அடிக்கும் எண்ணமே இல்லை. விக்கல் மாதிரி அதுவாக வந்துகொண்டிருந்தது.

வார்டின் கோடியில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு பஸ் டிரைவர், தொண்டையில் குழாயோடு, மூன்று நாளாகக் கண் திறக்காமல் படுத்திருந்தார். அவருக்கு ஒத்துக்கொள்ளாத ஊசியை அக்கா போட்டாள். டூட்டி டாக்டர் வாய்மொழியாகச் சொல்லிப் போட்டாள். 'இது இவருக்கு ஆகாதுன்னு ரெக்கார்டுல சிவப்பா இருக்கு, டாக்டர்' என்று சொல்லிவிட்டுத்தான் போட்டாள். 'அது சின்ன வயசுத் தடிப்பு. போடுங்க, நான் பொறுப்பு' என்றாராம் அவர். அதை அப்படியே வார்டு கம்ப்யூட்டரில் ஒரு வரி டைப் செய்துவிட்டு ஊசியை எடுத்தாளாம்.

இப்போது அந்த வரி இல்லை. அக்காவின் பெயரிலேயே யாரோ அழித்திருக்கிறார்கள். டாக்டர் 'அவங்க எதுவும் சொல்லவே இல்லை' என்கிறார். தன் கவனக்குறைவை மறைக்க எதையோ எழுதி, பயந்துபோய் அழித்தாள் என்கிறது குற்றச்சாட்டு. நான்கு மணிக்குத் தலைமை மருத்துவர் கையெழுத்துப் போட்டால் கடிதம் போலீஸுக்குப் போகும். அக்கா ஜெயிலுக்குப் போவாள்.

"மறுபடி கேக்கறேன்மா," என்றார் பூட்டு. "எழுதி முடிச்சதும் என்ன பண்ணீங்க?"

"திரையைப் பூட்டிட்டுப் போனேன்."

சொல்லும்போது அக்கா தரையைப் பார்த்தாள். சின்ன வயதில் என் பென்சிலை ஒளித்துவிட்டு இதே தரையைத்தான் பார்ப்பாள்.

கண்ணாடி அறையிலிருந்து டூட்டி டாக்டர் வெளியே வந்தார். நோயாளியின் நாடியைப் பிடித்தபடி வாட்சைப் பார்த்திருந்த கை இன்னும் மடங்கியே இருந்தது. பழைய தோல்வார் வாட்ச். வாரைச் செருகும் வளையம் பிய்ந்துபோய், அந்த இடத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

"மயக்க மருந்தைக் குறைச்சிருக்கோம். இன்னைக்குக் கண் திறக்கலாம்," என்றார், எங்கள் மூவரையும் தாண்டி சுவரிடம். போய்விட்டார்.

"வாட்சுக்கே முதலுதவி பண்ணியிருக்கார்," என்றேன்.

"எங்களுக்கு வாட்சே கூடாது," என்றாள் அக்கா. "படுக்கைக்கிட்ட போகும்போது மணிக்கட்டு வெறுமையா இருக்கணும். எங்க கையில இருந்தா கிருமி. அவங்க கையில இருந்தா வாட்ச்."

கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி வந்து சேர்ந்தார். வார்டில் அவருக்குப் பெயர் பாஸ்வேர்ட். எட்டு எழுத்துக்குக் குறைந்த வார்த்தையை அவர் பேசியதாகத் தகவல் இல்லை.

"சந்தேகத்திற்கு இடமேயில்லை," என்று ஆரம்பித்துக் காகிதத்தை நீட்டினார். "ஒண்ணு ஐம்பத்திரெண்டுக்கு அந்த வரி எழுதப்பட்டிருக்கு. ரெண்டு முப்பத்தாறுக்கு அழிக்கப்பட்டிருக்கு. ரெண்டு முப்பத்தெட்டுக்குத் திரை தானாகவே பூட்டிக்கொண்டிருக்கு."

"நடுவுல?"

"நடுவில் பூட்டப்படவே இல்லை. ரெண்டு நிமிஷம் மவுஸ் அசையலைன்னா திரை பூட்டிக்கொள்ளும். பூட்டலைன்னா என்ன அர்த்தம்? இவங்க ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து அசைச்சிருக்காங்க. ஆனா பூட்டிட்டுப் போனதா வாக்குமூலம் கொடுத்திருக்காங்க."

அக்கா சொன்ன ஒரே பொய்யை அந்தக் காகிதம் பிடித்துவிட்டது. உண்மைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது.

பூட்டு கம்ப்யூட்டர் பக்கம் போனார். வார்டும் நடைவழியும் சேரும் முனையில் மேஜை. பக்கத்தில் டெலிபோன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் உரசிக்கொண்டுதான் போக வேண்டும். மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி, அதற்கு இரும்புக் கூண்டு, கூண்டுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டு. பென்டிரைவ் செருகும் ஓட்டைகளையெல்லாம் பிசின் ஊற்றி அடைத்திருந்தார்கள்.

"பெட்டிக்குள்ள ஈகூட நுழைய முடியாது," என்றார் பாஸ்வேர்ட் பெருமையாக.

பூட்டு அந்தப் பூட்டைக் கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவினார். "நல்ல பூட்டு. வாசலைத் திறந்துபோட்டுட்டு அஸ்திவாரத்துக்குப் போட்டிருக்கீங்க." பிறகு மவுஸைத் தூக்கினார். அடியில் கிடந்த கறுப்பு ரப்பர் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்தார். நடுவில் ஒரு வட்டப் பள்ளம். வட்டத்துக்கு இரண்டு பக்கமும் வால் மாதிரி நீளமான தழும்பு.

"டம்ளர் வெச்ச தடமா?" என்றேன்.

"டம்ளருக்கு வால் ஏது? உன் வாட்சைக் கழட்டு."

கழற்றிக் கொடுத்தேன். பள்ளத்தில் அது அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. கண்ணாடியின் மேல் மவுஸை வைத்துவிட்டுக் கையை எடுத்தார். யாரும் தொடவில்லை. திரையில் அம்புக்குறி ஒரு துளி நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது. என் வாட்சின் நொடிமுள் ஓடும் தாளத்துக்கு, கேட்பாரில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

நல்லவேளையாகப் பாஸ்வேர்டுக்குப் போன் வந்து, அவர் நடைவழிப் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார்.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இதுக்கு என்னம்மா பேர் வெச்சிருக்கீங்க?" என்றார் பூட்டு மெதுவாக.

"...ஊஞ்சல்." வாட்சை எடுத்து என்னிடம் நீட்டினாள். "ஒவ்வொரு தடவையும் உள்ள நுழைய அஞ்சு நிமிஷம் ஆகும், அண்ணே. அங்க ஒருத்தருக்கு மூச்சு முட்டிட்டு இருக்கும், இங்க வட்டம் சுத்திட்டு இருக்கும். அதனால காலையில யார் முதல்ல நுழையறாங்களோ அவங்க பேர்லயே நாள் முழுக்க எல்லாரும் வேலை செய்வோம். யாராவது கழட்டின வாட்சை மவுஸுக்கு அடியில வெச்சிருவோம். பூட்டவே பூட்டாது."

"இதைச் சொல்லித் தொலைச்சிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"சொன்னா ஆறு பேருக்கும் வேலை போயிரும்டா! ரெண்டு பேர் ஒப்பந்தத்துல இருக்காங்க. ஒருத்தி வயித்துல ஆறு மாசம்." அக்கா என் சட்டையைப் பிடித்தாள். "வெளியில சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. என் மேல. அண்ணே, நீங்களும்."

பூட்டு வாக்குக் கொடுத்தார். நானும் கொடுத்தேன். கூடப்பிறந்தவள் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் வேறென்ன செய்ய முடியும்?

"அன்னைக்கு ஊஞ்சல்ல யாரோட வாட்ச் இருந்தது?"

அக்கா விழித்தாள். "அன்னைக்கு... அன்னைக்கு யாரும் வெக்கலையே."

நர்ஸுகளின் தலைவியான மேட்ரன் தன் அறையில் விசாரணைக்குக் கொண்டுபோகும் கோப்புகளைச் சீராக அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் நடந்து வந்தால் படுக்கை விரிப்புகள் தாமாகவே சுருக்கம் நீங்கும் என்பார்கள்.

"அன்னைக்கு ஆய்வுக் குழு வந்த நாள்," என்றார். "மதியம் பன்னிரண்டுக்கே ஆறு பொண்ணுங்க கையிலயும் வாட்சை வாங்கி, கவர்ல போட்டு, கையெழுத்து வாங்கி, அலமாரியில பூட்டினேன். நாலு மணிக்குத்தான் திருப்பிக் கொடுத்தேன். இதோ பாருங்க, ஆறு கையெழுத்து."

ஊஞ்சல் ஆடியிருந்தால் வேறு யாரோ உட்கார்ந்து அழித்திருக்கலாம் என்று சொல்லலாம். வார்டில் வாட்சே இல்லையென்றால் ஊஞ்சலும் இல்லை. அக்காதான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிவந்து அசைத்தாள் என்றாகிவிடும்.

"ஆறு பேரும் கொடுத்துட்டாங்களா, மேடம்?" என்றார் பூட்டு.

"கொடுத்தாங்க. கொடுத்தும் ஒருத்தி என்னை ஏமாத்திட்டா." மேட்ரனின் உதடு ஒரு கோடாகியது. "அது என் வார்டு விஷயம். நான் பார்த்துக்கறேன். நீங்க கிளம்புங்க, மணியாகுது."

வெளியே நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தோம். என் வாட்சில் மூன்று நாற்பத்தொன்று. அக்கா தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். "அம்மாகிட்ட வெளியூர்ல டிரெயினிங்னு சொல்லிரு," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"எத்தனை வருஷ டிரெயினிங்னு சொல்ல?" என்றேன். சொன்னபிறகு என் நாக்கை நானே வெட்டிப்போடலாம் போலிருந்தது.

பூட்டு கையை நீட்டினார். "அந்தக் குற்றச்சாட்டுக் கடிதத்தோட டாக்டரோட குறிப்பு நகல் ஒண்ணு வந்ததே, எடு."

"நாற்பது தடவை படிச்சாச்சு, அண்ணே. எழுத்தா அது? கோழி நடந்திருக்கு."

"எழுத்தை விடு. நம்பரை மட்டும் படி."

ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் நேரம் போட்டிருந்தார் டாக்டர். எழுத்து எப்படி இருந்தாலும் எண்கள் அச்சடித்தது போல இருந்தன. படித்தேன். "ஒண்ணு நாற்பத்திநாலு. ஒண்ணு ஐம்பத்திமூணு, ஊசி. ரெண்டு அஞ்சு. ரெண்டு இருபது. ரெண்டு நாற்பத்தொண்ணு. ரெண்டு முப்பத்தெட்டு. ரெண்டு ஐம்பத்திரெண்டு."

"நில்லு. திரும்பப் படி."

"ரெண்டு நாற்பத்தொண்ணு. ரெண்டு முப்பத்..." நிறுத்தினேன். "ரிவர்ஸ் கியர்ல போறாரு."

"எண்ணுல தப்பே பண்ணாத மனுஷன். நடுவுல மட்டும் நேரம் ஏன் முன்னாடி ஓடிட்டுப் பின்னாடி வருது?"

அக்கா கண்ணைத் திறந்தாள். மெல்ல எழுந்து, வார்டுக் கதவு வழியாக அந்தச் சுவரைப் பார்த்தாள்.

"ஏழு நிமிஷம் கழிங்க," என்றாள். "நடுவுல இருக்கற மூணுலயும் ஏழு நிமிஷம் கழிங்க."

ஒன்று ஐம்பத்தெட்டு. இரண்டு பதிமூன்று. இரண்டு முப்பத்திநாலு. அப்புறம் இரண்டு முப்பத்தெட்டு. நேரம் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றது.

"முதல் ரெண்டு குறிப்பும் தன் வாட்சைப் பார்த்து எழுதினது," என்றார் பூட்டு. "அடுத்த மூணு சுவரைப் பார்த்து எழுதினது. அந்த முக்கால் மணி நேரம் டாக்டர் கையில வாட்ச் இல்லை. அழிச்சு முடிச்ச பிறகு, ரெண்டு முப்பத்தெட்டுக்குத் திரும்ப வந்திருச்சு. எங்கடா போயிருந்தது?"

நான் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடத் தயாராகியிருந்தேன்.

"ஓடாதே. மிச்சத்தைக் கேளு. இதைச் சொல்லணும்னா ஊஞ்சலைச் சொல்லணும். வாக்குக் கொடுத்திருக்கோம்."

"சொல்லாதீங்க," என்றாள் அக்கா. "அந்தக் குறிப்பை மட்டும் காட்டுங்க. அது போதும்."

அது போதவில்லை.

விசாரணை அறையில் தலைமை மருத்துவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். முன்னால் டைப் செய்த கடிதம், மூடி கழற்றிய பேனா. ஒரு பக்கம் பாஸ்வேர்ட், மறுபக்கம் மேட்ரன், எதிரில் டூட்டி டாக்டர். பூட்டு குறிப்பை வைத்து நேரக் கணக்கைச் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒருத்தர் உயிருக்குப் போராடிட்டு இருந்தார்," என்றார். "கை கழுவ வாட்சைக் கழட்டி பாக்கெட்ல போட்டேன். சுவரைப் பார்த்து எழுதினேன். இது குற்றமா?"

"குற்றமில்லை," என்றார் தலைமை மருத்துவர். பேனா காகிதத்தை நெருங்கியது.

பூட்டு என்னைப் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். தலையை இடமும் வலமுமாக ஒரே ஒருமுறை அசைத்தாள். ஆறு பேருக்கான தலையசைப்பு அது. எனக்கு ஆறு அக்கா கிடையாது. ஒருத்திதான்.

"அது பாக்கெட்ல இல்ல, சார். மவுஸுக்கு அடியில இருந்தது," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சு நிமிடம், காலையில் நுழைகிறவர் பெயர், வாட்ச், ஊஞ்சல். ஊசி போட்ட நிமிஷமே அவருக்கு மூச்சு முட்டி எல்லாரும் நோயாளியிடம் ஓடிய நேரத்தில் டெலிபோன் பண்ண மேஜைக்கு வந்தவர் டாக்டர். திறந்திருந்த திரையில் 'நான் பொறுப்பு' என்ற வரியைப் பார்த்தவர். அழிக்க நேரமில்லை, உள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கிறது. போய்விட்டு வந்தால் திரை பூட்டியிருக்கும். நர்ஸுகள் செய்வதைத் தினமும் பார்த்தவர்தானே, அவரும் வாட்சைக் கழற்றினார்.

"நம்பவே முடியாத கற்பனை," என்றார் பாஸ்வேர்ட். அவர் முகம் மட்டும் நம்பியிருந்தது.

டாக்டர் சிரித்தார். "நான் வெச்சதை யாராவது பார்த்தாங்களா?"

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆறு பேரையும் காட்டிக்கொடுத்துவிட்டேன், அவளையும் காப்பாற்றவில்லை. அந்த நொடியில் என் விக்கல்கூட நின்றுவிட்டது.

"டாக்டர்," என்றார் மேட்ரன். "உங்க இடது கையைக் கொஞ்சம் மேஜை மேல வைங்க."

டாக்டர் வைக்கவில்லை. தன்னையறியாமல் அதைப் பின்னால் இழுத்தார். சட்டைக் கை மேலேறியது. வெள்ளைப் பிளாஸ்திரி எட்டிப் பார்த்தது.

மேட்ரன் எழுந்து நின்றார். "ரெண்டே கால் இருக்கும், சார். ஆய்வுக் குழுவை வார்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். மவுஸுக்கு அடியில ஒரு வாட்ச். வார்ல பிளாஸ்திரி சுத்தியிருந்தது. ஆறு வாட்சையும் பூட்டினேன், இது ஏழாவது எவளோடதுன்னு ரத்தம் கொதிச்சது. குழு பின்னாடியே வருது. ஒரு ஃபைலை எடுத்து மேல வெச்சு நான்தான் மூடினேன்."

"நீங்களா?" தலைமை மருத்துவரின் பேனா நின்றது. "இந்தப் பழக்கம் உங்களுக்குத் தெரியுமா?"

"இந்த வார்டுல முதல் ஊஞ்சல் நான் கட்டினது, சார். நான் நர்ஸா இருந்தப்ப." மேட்ரனின் குரல் துளியும் நடுங்கவில்லை. "மூணு நாளா பொண்ணுங்க பையை எல்லாம் கொட்டிப் பார்த்துட்டு இருக்கேன், பிளாஸ்திரி போட்ட வாட்ச் எவகிட்ட இருக்குன்னு. டாக்டர் கையைப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. பழக்கம் அப்படி."

தலைமை மருத்துவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"முதல்ல அவரைக் காப்பாத்தத்தான் ஓடினேன்," என்றார் கடைசியில். "அது உண்மை."

"அது உண்மைதான்," என்றாள் அக்கா. அந்த அறையில் அவள் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

பேனாவுக்கு மூடி போடும் சத்தம் கேட்டது.

வெளியே நடைவழியில் அக்கா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பின்னாலேயே ஓடினேன்.

"ஆறு பேருக்கும் நாளைக்கு மெமோ வரும்," என்றாள் திரும்பாமல். "மேட்ரனுக்கும் சேர்த்து ஏழு. என் மேல சத்தியம் பண்ணினியேடா."

"பண்ணினேன்."

"அப்புறம்?"

"நீ உள்ள போயிட்டா யார் மேல சத்தியம் பண்றது?"

நின்றாள். அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்தேன். அதற்குள் வார்டிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

கண்ணாடி அறையில் பஸ் டிரைவர் கண் திறந்திருந்தார். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. அக்கா குனிந்து, "நான்தான் உங்களுக்கு அந்த ஊசி போட்டேன்," என்றாள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாக வைத்திருந்தாள் போல. அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. வலது கையை மெல்லத் தூக்கி, ஒரு விரலால் தன் வெறும் இடது மணிக்கட்டை இரண்டு முறை தட்டினார்.

மணி என்ன?

அக்கா கண்ணாடி வழியாகச் சுவரைப் பார்த்தாள். நான்கு நாற்பது.

"நாலு முப்பத்திமூணு," என்றாள் அழுதுகொண்டே.